கரும்புக் காட்டுக்குள் 41 பெயர்

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே, ஒரு கரும்புத் தோட்டத்தின் நடுவில் அரை ஏக்கர்கூட வராத ஒரு திட்டு இருக்கிறது. நாலு சிரிங்கா மரம், முள்ளுப் புதர், இடையிடையே கல். ஒப்பந்தக் கூலிகளாக வந்து, எடுத்துப் போட ஆளில்லாமல் செத்தவர்களைப் புதைத்த இடம் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். வெட்டுக்கு முன்னால் கரும்புக்குத் தீ வைத்த பிறகு சில வாரம் மட்டும் அது சாலையிலிருந்தே தெரியும். அப்புறம் பயிர் எழும்பி மூடிக்கொள்ளும். கூலிகள் குடியிருந்த தோட்டத்துப் பாரக்குகள் காலியாகிக் குடும்பங்கள் ஃபீனிக்ஸ், சாட்ஸ்வர்த் என்று டர்பன் புறநகர்களுக்குப் போய்விட்டதால், அங்கே விளக்கேற்றக்கூட யாரும் வந்ததில்லை.

நான் வேலூர்க்காரன். வேலைக்காக டர்பன் வந்தவன், சனிக்கிழமைகளில் கோயில் கூடத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறேன். அந்தத் திட்டில் ஒரு நினைவுக்கல் வைக்கலாம் என்று கோயில் கமிட்டி முடிவெடுத்தபோது, "வாத்தியாரே, எழுத்து வேலை உங்களுது" என்று என் தலையில் கட்டினார்கள். ஆறு மாதத்தில் முடியும் என்று நினைத்தோம். இரண்டரை வருஷம் ஆனது.

முதலில் நாங்கள் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். நிலக்காரர் வாய்வார்த்தையாகச் சரி என்றதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை இருபது பேர் போய்ப் புதரை வெட்டினோம். பாம்புக்குப் பயந்து எல்லார் காலிலும் பூட்ஸ். அங்கங்கே காலை இடறிய கற்களைப் பொறுக்கி ஒரு மரத்தடியில் வரிசையாக அடுக்கினோம். இடம் பளிச்சென்று ஆகிவிட்டது, போட்டோவெல்லாம் எடுத்துக்கொண்டோம். அடுத்த மாதம் வந்த மரபுரிமைத் துறை அதிகாரி அந்த அடுக்கைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் எங்கே இருந்தது?" என்று மட்டும் கேட்டார். அப்போதுதான் உறைத்தது. பெயர் வெட்டக் காசில்லாதவர்கள் தலைமாட்டில் நட்டு வைத்த கற்கள் அவை. எது எந்தக் குழிக்கு என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

1999ஆம் ஆண்டின் தேசிய மரபுவளச் சட்டம், 36ஆம் பிரிவு. நகராட்சி நிர்வாகத்தில் இல்லாத, 60 ஆண்டுக்கு மேலான கல்லறையை அனுமதி இல்லாமல் தோண்டக் கூடாது, மாற்றக் கூடாது, இருந்த இடத்திலிருந்து நகர்த்தவும் கூடாது. எங்கள் நல்ல காலம், அந்த அதிகாரி திட்டியதோடு விட்டார். நீங்கள் இப்படி ஒரு வேலையில் இறங்கினால், புதரை வெட்டப் போகுமுன் மரபுரிமைத் துறை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள். வெட்டினாலும் கல்லைத் தொடாதீர்கள். சாய்ந்திருந்தால் சாய்ந்தே இருக்கட்டும்.

அப்புறம் பெயர் தேடும் வேலை. 1860 நவம்பர் 16இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் வந்து சேர்ந்ததிலிருந்து 1911 வரை, டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த 1,52,184 பேருக்கும் ஆளுக்கொரு எண் கொடுத்திருக்கிறார்கள். கப்பல் பட்டியலில் அந்த எண்ணோடு பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், அங்க அடையாளம் எல்லாம் இருக்கும். பட்டியல்கள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஒப்பந்தக் கூலிகளைக் கவனிக்க அரசு வைத்திருந்த 'இந்தியக் குடியேறிகள் பாதுகாவலர்' அலுவலகத்துக் காகிதங்களுக்குப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் போக வேண்டும். அங்கே தோட்டத்தின் பெயரைப் பிடித்துக்கொண்டு இறப்புகளைத் தேடி, கிடைத்த எண்ணை வைத்துக் கப்பல் பட்டியலுக்குத் திரும்பினோம். லீவு போட்டுப் போட்டு 41 பேர் தேறினார்கள். ஏழு பேருக்கு எண்ணே இல்லை. இங்கேயே பிறந்து போன குழந்தைகள் அவர்கள். தாயின் எண்ணுக்குப் பக்கத்தில் 'பெண் குழந்தை' என்று இருந்தது, அவ்வளவுதான்.

அவர்கள் அந்தத் தோட்டத்தில் இறந்தார்கள் என்றுதான் காகிதம் சொல்கிறது. எங்கே புதைத்தார்கள் என்று இல்லை. அதனால் 'இங்கே துயில்பவர்கள்' என்று கமிட்டி எழுதியிருந்ததை அடித்துவிட்டு, 'இந்தத் தோட்டத்தில் இறந்தவர்கள்' என்று மாற்றினேன். இதற்கே மூன்று கூட்டம். கல்லின் தலையில் 'ஓம்' வேண்டும் என்றார் தலைவர். சாதிக் கட்டத்தில் நாலு பேருக்குக் கிறிஸ்தவர், இரண்டு பேருக்கு முஸ்லிம் என்று இருந்ததைக் காட்டியதும் விட்டுவிட்டார்.

பெயர்களைத் தமிழுக்குத் திருப்புவதுதான் நிஜமான வேலை. கவுண்டர் கோவெண்டர் ஆன ஊர் இது. குமாஸ்தா காதில் விழுந்ததை அவர் எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார். ஒரு பெயர் 'கூப்பூ' என்று படிக்கும்படி இருந்தது. இங்கே பிறந்த பையன்கள் அது ஏதோ வடநாட்டுப் பெயர் என்றார்கள். எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. குப்பு. முன்னால் பிறந்ததெல்லாம் தங்காத வீட்டில், அடுத்த குழந்தையைக் குப்பைமேட்டில் ஒரு புரட்டு புரட்டி எடுத்துக் குப்பு என்று பெயர் வைப்பார்கள், எமன் குப்பையை எடுக்க மாட்டான் என்று. என் பாட்டியின் அக்கா பெயர்கூடக் குப்பம்மாள்தான். பட்டியலில் இவளுக்கு வயது 22, வட ஆர்க்காடு ஜில்லா, குடியாத்தம் தாலுகா, இடது முழங்காலில் தழும்பு. எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்.

எல்லாம் இப்படிப் பிடிபடவில்லை. தாயம்மாவா தோயம்மாவா என்று தெரியாததை இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தும் தெரியவில்லை. தமிழில் ஒரு ஊகம், கீழே குமாஸ்தா எழுதியது அப்படியே என்று போட்டோம்.

எண்ணையும் போடலாமா என்று கேட்டபோது பெரிய சண்டை. "ஜெயில் கைதி மாதிரி நம்பரா?" என்று இளைஞர்கள் எழுந்துவிட்டார்கள். எனக்கும் அதே எண்ணம்தான். பின்வரிசையில் இருந்த எண்பது வயது ஆயா ஒருவர் கைப்பையிலிருந்து மடிப்பு மடிப்பாகக் கிழிந்த ஒரு ஜெராக்ஸைப் பிரித்தார். "இந்த நம்பரு இல்லேன்னா எங்க தாத்தா ஊரு ஆரணின்னு எனக்கு எப்படிய்யா தெரியும்?" முன்பக்கம் பெயர், பின்பக்கம் சின்ன எழுத்தில் எண் என்று முடிந்தது.

கல் வெட்டுபவரிடம் தமிழ் எழுத்துரு இல்லை. நான் அனுப்பிய கோப்பு அவர் கணினியில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று சிதறியது. மாதிரியை அச்செடுத்து எழுத்தெழுத்தாகப் பார்த்திராவிட்டால் அப்படியே கிரானைட்டில் ஏறியிருக்கும். எழுத்துகளை வெறும் கோட்டு வடிவமாக மாற்றிக் கொடுங்கள், அதுதான் வழி. எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி கேட்பார்கள். எங்கள் ஆள் மெய்யெழுத்தின் புள்ளியையும் தனி எழுத்தாகக் கணக்குப் போட்டார். 'குப்பு' மூன்றெழுத்துதான் என்று விளக்கவே ஒரு மத்தியானம் போனது.

கல் நட்ட நாலாவது மாதம் சாட்ஸ்வர்த்திலிருந்து ஓர் அம்மாள் மகனோடு வந்தார். பின்பக்கத்து எண் ஒன்று அவர் வீட்டுக் காகிதத்தில் இருந்ததாம், கொள்ளுத்தாத்தாவின் தம்பி. வெற்றிலை, பழம், கற்பூரம் எல்லாம் ஒரு தட்டில். கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு, "குழி எது தம்பி?" என்றார்.

அடுக்கி வைத்த கற்களைக் காட்டி, நாங்கள்தான் கலைத்தோம் என்று சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த அடுக்கின் முன்னால் தட்டை வைத்து, காற்றுக்கு முந்தானையை மறைத்துப் பிடித்துக்கொண்டு மகனைத் தீப்பெட்டி கேட்டார்.