ஏசி மெக்கானிக்குகள் இப்போது யாரிடம் கற்கிறார்கள்

1998-இல் கோடம்பாக்கத்தில் ஓர் ஏசி சர்வீஸ் கடையில் நான் ஹெல்பராகச் சேர்ந்தபோது, கேஸ் ஏற்றும் நேரத்தில் மட்டும் எங்கள் மெக்கானிக் அண்ணன் மீட்டர் என் கண்ணில் படாதபடி முதுகைத் திருப்பிக்கொள்வார். குளிரூட்டும் ஆர்-22 வாயுவுக்கு, அதை அழுத்தும் கம்ப்ரசரின் உறிஞ்சும் பக்கத்தில் 60 முதல் 70 பிஎஸ்ஐ அழுத்தம் நின்றால் போதும் என்பதைத் தெரிந்துகொள்ள, டூல் பையும் ஏணியும் சுமந்தபடி எனக்கு ஒன்றரை ஆண்டுகள் ஆயின. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்த எண்தான் அவருடைய பிழைப்பு; அதைக் கற்றவன் அடுத்த தெருவிலேயே கடை போட்டுவிடுவான் என்று அவர் அஞ்சியதில் நியாயம் இருந்தது.

இன்வெர்ட்டர் ஏசிகள் வந்தபின் அந்த எண்ணுக்கு மதிப்பில்லாமல் போயிற்று. அவற்றில் கம்ப்ரசரின் வேகம் அறையின் வெப்பத்துக்கேற்ப மாறிக்கொண்டே இருப்பதால், மீட்டர் முள்ளை மட்டும் நம்பி ஆர்-32 வாயுவை ஏற்ற முடியாது. யூனிட்டின் மேல் ஒட்டியிருக்கும் தாளில் எத்தனை கிராம் என்று போட்டிருக்கிறதோ, அதைத் தராசில் நிறுத்துத்தான் ஏற்ற வேண்டும். பழுதைக் குறிக்கும் எரர் கோடுகளோ கம்பெனிக்குக் கம்பெனி வேறு. முப்பது ஆண்டு அனுபவமுள்ளவரும் நேற்றுச் சேர்ந்த பையனும் ஒரே பிசிபியின், அதாவது ஏசியை இயக்கும் மின்சுற்றுப் பலகையின், முன்னால் ஒரே மாதிரி திகைத்து நின்றார்கள். அந்தத் திகைப்பிலிருந்துதான் எங்கள் வாட்ஸ்அப் குழு பிறந்தது.

இன்று அம்பத்தூரில் ஒரு மொட்டைமாடியிலிருந்து ஒருவர் எரிந்துபோன பிசிபியின் படத்தை அனுப்பினால், எதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று தாம்பரத்திலிருந்து இன்னொருவர் பத்து நிமிடத்தில் குரல் பதிவில் சொல்கிறார். அந்தப் பாகம் ரிச்சி தெருவில் எங்கே கிடைக்கும் என்பதை மூன்றாமவர் சொல்லிவிடுகிறார். ஆனால் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது இந்த வேகம் அன்று. மூத்த மெக்கானிக் ஒருவர், தம்மிடம் வேலை பழகும் பையன்கள் அனைவரும் பார்க்கும்படி, "இது எனக்குத் தெரியலப்பா, யாராவது சொல்லுங்க" என்று எழுதிய நாள் இன்றும் என் நினைவில் இருக்கிறது. இந்தத் தொழிலில் அந்தச் சொற்களை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை.

அதே வழியில் ஆபத்தும் வந்து சேர்கிறது. சென்ற கோடையில் எங்கள் பையன் ஒருவன், குழாயில் லீக் பார்ப்பதற்கு, பற்றவைப்புக்காகக் கையில் வைத்திருக்கும் ஆக்சிஜன் சிலிண்டரையே இணைக்கும் ஒரு நிமிடக் காணொளியைப் பகிர்ந்தான். இதற்கு வழக்கமாகப் பயன்படுத்தும் நைட்ரஜன் இல்லாத இடத்தில் நல்ல வழி என்று பலர் கட்டைவிரல் உயர்த்தியிருந்தார்கள். கம்ப்ரசர் எண்ணெயோடு அழுத்தத்தில் உள்ள ஆக்சிஜன் சேர்ந்தால் வெடித்து ஆளையே கொன்றுவிடும். நான் அதைப் பார்த்தபோது இரவு பதினொரு மணி. நீக்கச் சொன்னால் அவன் வெட்கப்படுவானே தவிர, காரணம் யாருக்கும் போய்ச் சேராது என்று எண்ணி, அதன் கீழேயே விளக்கத்தை எழுதிவிட்டு, மறுநாள் விடிந்ததும் எங்கள் ஆட்கள் ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்துப் பேசினேன். அந்தக் காலத்து அண்ணனாக இருந்தால் பக்கத்தில் நின்று கையைத் தட்டிவிட்டிருப்பார். குழுவில் அப்படித் தட்டிவிடும் பொறுப்பை ஒருவர் பெயர் சொல்லி ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதில் அன்று முதல் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

குரல் பதிவுகளில் எதையும் தேடி எடுக்க முடிவதில்லை என்பதால், நல்ல விடைகளை எரர் கோடு வாரியாக ஒரு நோட்டில் எழுதிவருகிறோம். வாடிக்கையாளரின் வீட்டு உட்புறம் படத்தில் தெரியக் கூடாது என்பதும் எங்கள் விதி.

இரவில் வீட்டில் உட்கார்ந்து காணொளி பார்ப்பதும் வேலையின் பகுதிதான் என்று உரிமையாளரிடம் வாதாடி, சனிக்கிழமை மாலையில் ஒரு மணி நேரத்தைச் சம்பளத்தோடு கேட்டு வாங்கியிருக்கிறேன். சென்ற வாரம் அந்த ஒரு மணி நேரமும் ஒரே கேள்விக்குப் போயிற்று: விரித்த குழாய் முனையை இறுக்கி இணைக்கும் ஃபிளேர் நட்டில் ஏன் திரும்பத் திரும்ப லீக் வருகிறது? எல்லோரும் அதற்கான காணொளிகளைப் பலமுறை பார்த்தவர்கள். காப்பர் குழாயை வெட்டி, பிசிறு எடுத்து, முனையை விரித்து, நட்டை இறுக்கி, ஒவ்வொருவரும் மேசைமேல் செய்து காட்டினார்கள். ஐந்து பேரில் மூவர் தேவைக்கு மேல் இறுக்கிக் குழாய் முனையைக் கெடுத்திருந்தார்கள். கெட்டுப்போன அந்த மூன்று முனைகளைத்தான் அன்றிரவு படமெடுத்துக் குழுவில் போட்டோம்.