ஒரு எஃப்டிஏ சேனலை செட்டாப் பாக்ஸ் வரைக்கும் கொண்டு சேர்த்த அனுபவம்

எங்களுடையது எஃப்டிஏ, அதாவது இலவசச் சேனல். பார்ப்பவர் எங்களுக்கு ஒரு பைசா தர வேண்டாம். ஆனால் அவர் வீட்டுப் பெட்டியில் நாங்கள் தெரிய வேண்டுமானால் கேபிள் நிறுவனத்துக்கு நாங்கள் மாதாமாதம் பணம் கட்ட வேண்டியிருக்கும். சிறிய சேனல் தொடங்க நினைக்கிறவர்கள் என்னிடம் டெல்லி அனுமதியைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். எங்களை அதிகம் படுத்தியது அனுமதி கைக்கு வந்த பிறகு நடந்தவைதான். இரண்டையும் எழுதுகிறேன், இரண்டாவதைக் கொஞ்சம் விரிவாக.

நாங்கள் நெல்லைப் பக்கம் லோக்கல் சேனல் நடத்திக்கொண்டிருந்தவர்கள். வில்லிசை, கணியான் கூத்து, அம்மன் கோயில் கொடை விழா, தேரோட்டம், நடுவில் கொஞ்ச நேரம் உள்ளூர் செய்தி. ஊர்க் கேபிள்காரரின் கண்ட்ரோல் ரூமில் எங்கள் ஒயரைச் செருகினால் போதும், ஊரே பார்க்கும். 2017-க்குப் பிறகு செட்டாப் பாக்ஸ் வீடு வீடாக வரத் தொடங்கியதும் அந்த ஏற்பாடு குலைந்தது. ஊருக்கு ஊர் இருந்த கண்ட்ரோல் ரூம்கள் மூடப்பட்டு, சிக்னல் எங்கோ தொலைவிலிருந்து ஃபைபரில் வர ஆரம்பித்தது. இனி சாட்டிலைட்டுக்குப் போனால்தான் உண்டு என்று ஆனது.

அப்போது நடப்பில் இருந்தவை தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் 2011-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள். செய்தி சேனல் என்றால் நிறுவனத்தின் நிகர மதிப்பு 20 கோடி ரூபாய் இருக்க வேண்டும். செய்தி அல்லாத சேனலுக்கு 5 கோடி. ஊரில் நான்கைந்து வியாபாரிகள் சேர்ந்தால் 5 கோடியைக் காட்டலாம், 20 கோடிக்கு வழியில்லை. அதனால் உள்ளூர் செய்தியை விட்டுவிட்டோம். எங்களுக்கு விளம்பரம் கொண்டுவந்ததே அந்தச் செய்திதான். மழை, குளம், பஸ், தண்ணீர் வராத தெரு என்று ஊர்க்காரர்கள் விரும்பிப் பார்த்த ஒன்றைக் கைவிட்டது இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

காகிதங்களில் எங்களைக் கட்டிப்போட்டது இனிஷியல். இயக்குநர்கள் ஒவ்வொருவருக்கும் உள்துறை அமைச்சகத்தின் பாதுகாப்பு ஒப்புதல் வேண்டும். எங்கள் இயக்குநர் ஒருவருக்கு பான் அட்டையில் அப்பா பெயர் விரித்து பின்னால் இருந்தது, பாஸ்போர்ட்டில் முன்னால் இருந்தது, கம்பெனிப் பதிவில் வெறும் எழுத்து மட்டும். நம் ஊரில் இது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். டெல்லியில் ஓர் அலுவலகத்தில் இருந்தவருக்கு இவை மூன்று வெவ்வேறு ஆட்களாகத் தெரிந்தன. தமிழ்நாட்டில் குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் இல்லை என்று நேரில் போய் விளக்கினேன். தலையைக் கூட நிமிர்த்தாமல், எழுதிக் கொடுங்கள் என்றார். எழுதிக் கொடுத்தால் நோட்டரி உறுதிமொழி கேட்டார். அதையும் கொடுத்தால், உறுதிமொழி போதாது, ஆவணத்தையே திருத்தி வாருங்கள் என்று கடிதம் வந்தது. முதலிலேயே அதைச் சொல்லியிருந்தால் அத்தனை ரயில் டிக்கெட் மிச்சம். கம்பெனியைப் பதிவு செய்வதற்கு முன்பே எல்லா இயக்குநர்களுக்கும் பான், ஆதார், பாஸ்போர்ட் மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கும்படி செய்துவிடுங்கள். அனுமதி கிடைத்த பிறகு இயக்குநரை மாற்ற நினைத்தால் அதற்கும் முன்கூட்டியே ஒப்புதல் வேண்டும் என்பதால் யாரைச் சேர்க்கிறீர்கள் என்பதிலும் நிதானம் தேவை.

அடுத்தது வங்கி உத்தரவாதம், 1 கோடி ரூபாய்க்கு. ஒரு வருடத்துக்குள் ஒளிபரப்பைத் தொடங்கிவிடுவோம் என்பதற்கான பிணை அது. உத்தரவாதத்தின் வாசகம் அவர்கள் கொடுத்த மாதிரியில்தான் இருக்க வேண்டும். எங்கள் வங்கிக் கிளையோ தன் தலைமை அலுவலகத்தின் வழக்கமான வாசகத்தில் அச்சடித்துத் தந்தது. டெல்லிக்குப் போன உத்தரவாதம் அப்படியே திரும்பி வந்தது. மாதிரி வாசகத்தை வங்கியின் சட்டப் பிரிவு முதலில் படித்து ஒப்புக்கொள்ளட்டும், அப்புறம் முத்திரைத்தாள் வாங்குங்கள்.

அப்லிங்க் (சிக்னலைச் சாட்டிலைட்டுக்கு ஏற்றுவது), சாட்டிலைட் இடம், அலைவரிசை உரிமம் எல்லாம் அந்த வேலையைச் செய்துதரும் டெலிபோர்ட் நிறுவனமே பார்த்துக்கொண்டது. அதில் சிரமமே இல்லை. ஆண்டுக் கட்டணம் அப்லிங்குக்கு 2 லட்சம், டவுன்லிங்குக்கு (அதைக் கீழே இறக்குவதற்கு) 5 லட்சம். ஒளிபரப்பியதை எல்லாம் 90 நாள் பதிவாக வைத்திருக்க வேண்டும், ஹார்ட் டிஸ்க் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சாட்டிலைட்டில் ஏறியாகிவிட்டது. சி-பேண்ட் டிஷ் வைத்திருக்கும் எவரும் பூட்டு இல்லாமல் எடுக்கலாம். ஆனால் வீட்டில் டிஷ் வைத்துப் பார்ப்பவர் எத்தனை பேர்? கேபிள் பெட்டியில் வந்தால்தான் சேனல் இருப்பதாகவே அர்த்தம்.

நாங்கள் கேபிள் நிறுவனங்களின் கதவைத் தட்டிய காலமும் மோசமான காலம். 2019 பிப்ரவரி 1 முதல் ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புதிய கட்டண முறை நடைமுறைக்கு வந்திருந்தது. 130 ரூபாயும் வரியும் கட்டினால் 100 சேனல், அதற்குள் தூர்தர்ஷனின் கட்டாயச் சேனல்கள் அடக்கம், மீதியைப் பார்ப்பவரே தேர்ந்தெடுக்கலாம். பெரிய குழுமங்கள் தங்கள் தொகுப்பைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி நாள் முழுக்க விளம்பரம் ஓட்டின. எங்கள் பெயர் தெரிந்தவர்களே தெற்கே மூன்று மாவட்டங்களில்தான் இருந்தார்கள். கேபிள் நிறுவனம் தானே அடுக்கித் தரும் அடிப்படைத் தொகுப்பில் இடம் கிடைத்தால் பிழைப்போம் என்ற நிலை.

டிராயின் 2017-ஆம் ஆண்டு விதிமுறை சிறிய சேனலுக்கு உண்மையிலேயே நல்ல ஆயுதம். எழுத்துபூர்வமாகக் கேட்டால், இடம் இருக்கும்வரை, முதலில் வந்தவருக்கு முதலில் என்ற முறையில் கேபிள் நிறுவனம் பாகுபாடின்றிச் சேனலை எடுத்தாக வேண்டும். எத்தனை சேனலுக்கு இடம் உண்டு, எத்தனை ஓடுகிறது என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். இது தெரியாமல் போயிருந்தால், ஒரு நிறுவனத்தில் "இடமே இல்ல சார், அடுத்த வருஷம் பாப்போம்" என்று சொன்னதை நம்பித் திரும்பியிருப்போம். அவர்களது இணையதளத்திலேயே காலி இடம் காட்டியது. அந்தப் பக்கத்தைத் தேதி தெரியும்படி அச்செடுத்துக் கடிதத்தோடு இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். தொலைபேசியில் எவ்வளவு பேசியும் அசையாதவர்கள் அந்தத் தபாலுக்குப் பதில் போட்டார்கள். ஆகவே பேச்சு எதுவாக இருந்தாலும் அன்றே மின்னஞ்சலாகவும் எழுதி அனுப்பிவிடுங்கள்.

பதிலோடு இரண்டு ஒப்பந்தங்கள் வந்தன. ஒன்று கேரியேஜ், அதாவது சேனலைப் பெட்டி வரை கொண்டு சேர்ப்பதற்கான கட்டணம், இன்னொன்றுக்கு மார்க்கெட்டிங் என்று பெயர். முதலாவதற்கு அப்போது உச்சவரம்பு இருந்தது. எஸ்டி, அதாவது சாதாரணத் தரச் சேனல் என்றால் ஒரு சந்தாதாரருக்கு மாதம் 20 பைசா. இருபது பைசா என்று கேட்கும்போது சின்னதாகத் தெரியும். 10 லட்சம் பாக்ஸ் உள்ள நிறுவனம் என்றால் மாதம் 2 லட்சம், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 2,36,000. இரண்டாவதற்கு வரம்பு கிடையாது, அவர்கள் கேட்ட தொகை முதலாவதை விடப் பெரியது. அதில் கையெழுத்துப் போட மறுத்தோம். விதிப்படி கேரியேஜ் மட்டும் போதும் என்று மறுபடி கடிதம். இழுத்தடித்தார்கள், ஆனால் கடைசியில் எடுத்துக்கொண்டார்கள்.

சேனல் எண்ணில் சரியாக அடி வாங்கினோம். ஒரே வகைச் சேனல்கள், அதிலும் ஒரே மொழிச் சேனல்கள், பட்டியலில் அடுத்தடுத்து வர வேண்டும் என்பது விதி. நாங்கள் பக்தி என்று அறிவித்திருந்தோம். எங்களுக்கு ஒதுக்கியதோ தமிழ் பக்திச் சேனல்களுக்கு வெகு தூரம் தள்ளி, வேற்று மொழிச் சேனல்களுக்கு நடுவில் ஓர் எண். ஆட்சேபம் சொன்னால், "ஒரு தடவை கொடுத்த நம்பரை ஒரு வருஷத்துக்கு மாத்தக் கூடாதுன்னு டிராயே சொல்லியிருக்கு" என்றார் பொறுப்பாளர். சேனலைப் பாதுகாக்க வந்த விதியை எங்களுக்கே எதிராக நீட்டினார்! எண்ணைத் தெரிந்துகொள்ளாமல் ஒளிபரப்பைத் தொடங்க ஒத்துக்கொள்ளாதீர்கள், எந்தச் சேனலுக்குப் பக்கத்தில் வரும் என்று மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள்.

அந்த எண்ணோடுதான் வளர்ந்தோம். வளர்த்தவர்கள் ஊர்க் கேபிள் ஆபரேட்டர்களும் கொடைக் கமிட்டிக்காரர்களும். ஒரு கிராமத்தில் கொடை என்றால் நோட்டீஸ் அடிப்பார்கள் அல்லவா, அதில் எங்கள் எண்ணையும் ஒளிபரப்பு நேரத்தையும் சேர்க்கச் சொல்லிக் கேட்டோம். ஒரு வில்லிசைக் குழு எங்கள் சேனலில் வந்தால் அவர்கள் உறவுக்காரர்கள் இருக்கும் ஊர்களிலெல்லாம் ஆபரேட்டருக்குப் போன் போகும். "அண்ணாச்சி, நேத்து ராத்திரி முழுக்க உங்க சேனல் நம்பரைச் சொல்லியே வாய் வலிச்சுப் போச்சு" என்று தென்காசிப் பக்கத்து ஆபரேட்டர் ஒருவர் சொன்னது எனக்குப் பெரிய சந்தோஷம். ரேட்டிங் வேண்டுமானால் அதைக் கணக்கெடுக்கும் பார்க் (BARC) அமைப்பில் சேர்ந்து ஒலியில் வாட்டர்மார்க் என்ற அடையாளக் குறி பதிக்க வேண்டும், அதற்குத் தனிச் செலவு. நாங்கள் போகவில்லை. நகைக் கடைக்கும் ஜவுளிக் கடைக்கும் அவர்கள் ஊரிலேயே சேனல் ஓடுவதைக் காட்டி விளம்பரம் வாங்கினோம்.

இனி நான் சொல்லப்போவது சிறிய சேனல்காரர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. கேரியேஜ் கட்டணம் நிலையானது இல்லை. அப்போதைய விதிப்படி, சேனலை எடுத்திருக்கும் சந்தாதாரர் விகிதம் 5 சதவீதத்தைத் தாண்டினால் கட்டணம் முக்கால் பங்கு, 10-ஐத் தாண்டினால் பாதி, 15-ஐத் தாண்டினால் கால். 20 சதவீதத்தைத் தொட்டால் ஒன்றுமே கிடையாது. அந்த நிறுவனம் எங்களை அடிப்படைத் தொகுப்பில் வைத்திருந்தது. ஆகவே 20-ஐத் தாண்டியிருப்போம் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. பில் மட்டும் முழுத் தொகைக்கு வந்துகொண்டிருந்தது.

மாதச் சந்தா அறிக்கை கேட்டேன். மாதம் முடிந்து 7 நாளுக்குள் அவர்கள் தர வேண்டியது அது. மாதத்தின் 7, 14, 21, 28 தேதிகளில் இரவு 7 முதல் 11 மணிக்குள் எடுத்த எண்ணிக்கையின் சராசரி அதில் இருக்கும். கணக்குப் பிரிவு தொழில்நுட்பப் பிரிவைக் காட்டியது, தொழில்நுட்பப் பிரிவு ஒப்பந்தப் பிரிவைக் காட்டியது. வாசலில் உட்கார்ந்து பார்த்தேன், சாப்பாட்டு நேரம், மீட்டிங், அவர் லீவ் என்று பதில்கள். இனி நேரில் போய்ப் பயனில்லை என்று வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்பினோம். இத்தகைய வழக்குகளை விசாரிக்கும் டிடிசாட் தீர்ப்பாயத்துக்குப் போவோம் என்று ஒரு வரி அதில் இருந்தது. அறிக்கை வந்தது. 20-க்கு மேலேயே இருந்தோம். அந்த மாதங்களுக்கு கிரெடிட் நோட் போட்டுத் தந்தார்கள். அந்தத் தாளை எங்கள் கணக்கர் ஃபைலில் போட விடாமல் அன்று முழுக்க மேசையிலேயே வைத்திருந்தார்.

சந்தோஷம் ஒப்பந்தம் முடியும்வரைதான். புதுப்பிக்கும்போது அடிப்படைத் தொகுப்பிலிருந்து எங்களை எடுத்துவிட்டார்கள். விகிதம் சரிந்தது. தொடர்ந்து 6 மாதம் 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் சேனலையே நிறுத்த அவர்களுக்கு உரிமை உண்டு என்பதால் அந்த மாதங்களில் நான் சரியாகத் தூங்கவில்லை. அதோடு 2020-இல் கொரோனா வந்தது. கொடை இல்லை, தேர் இல்லை, விளம்பரம் இல்லை. பழைய வில்லிசைப் பதிவுகளை இரவு பகலாக ஓட்டினோம். வீட்டிலேயே அடைந்து கிடந்த மக்கள் அதைத் தேடிப் பார்த்தார்கள், ஆபரேட்டர்கள் சேனலைச் சேர்க்கச் சொல்லி மேலே நச்சரித்தார்கள். 130 ரூபாய்க்கு 100 என்று இருந்ததை டிராய் 200 சேனலாக உயர்த்தியதும் அந்த நேரத்தில் உதவியது. மறுபடி தொகுப்புக்குள் வந்தோம், இந்த முறை தமிழ் பக்திச் சேனல்களுக்குப் பக்கத்திலேயே எண் வாங்கிக்கொண்டு.

இன்னொரு எச்சரிக்கை. டெலிபோர்ட்டில் அலைவரிசை மாற்றம் வந்தால் பழையதிலும் புதியதிலும் சில வாரம் சேர்த்து ஓட்டச் சொல்லுங்கள். எங்களுக்கு மாறியபோது எல்லாக் கண்ட்ரோல் ரூமுக்கும் தகவல் அனுப்பியிருந்தோம். ஒரே ஓர் இடத்தில் அதை யாரும் திறந்தே பார்க்கவில்லை, ஆடிக் கொடை நேரத்தில் அந்தப் பகுதி முழுக்கக் கறுப்புத் திரை. மார்ச், அக்டோபர் வாக்கில் சூரியன் சாட்டிலைட்டுக்கு நேர் பின்னால் வரும்போது சில நிமிடம் படம் போகும், அது வேறு. அதற்காக யாரையும் திட்டிப் பயனில்லை, ஆபரேட்டர்களுக்கு முன்பே சொல்லி வையுங்கள்.

2022 நவம்பரில் வந்த புதிய வழிகாட்டுதல்கள் எங்களுக்குப் பெரிய நிம்மதி. நேரலைக்கு ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்க வேண்டாம், நிகழ்ச்சியை முன்கூட்டியே பதிவு செய்தால் போதும். தேர் நிலைக்கு வருவதை நேரலையில் காட்டுவது எங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பது நெல்லைக்காரர்களுக்குத் தெரியும். தினம் 30 நிமிடம் பொதுநல நிகழ்ச்சி வேண்டும் என்ற நிபந்தனையும் வந்தது. விவசாயமும் சுகாதாரமும் ஏற்கெனவே எங்களிடம் உண்டு, அதனால் சிரமம் இல்லை.

இப்போது தாராவியில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் அங்கேயும் வேண்டும் என்று கேட்கிறார்கள். யூடியூபில் பார்க்கிறார்கள், ஆனால் பெரியவர்களுக்கு டிவியில் வந்தால்தான் திருப்தி. மும்பைக் கேபிள் நிறுவனம் ஒன்றுக்கு எழுத்துபூர்வ விண்ணப்பம் அனுப்பியிருக்கிறோம், காலி இடம் காட்டும் அவர்களது இணையதளப் பக்கத்தைத் தேதியோடு அச்செடுத்து இணைத்து, பதிவுத் தபாலில்.