ஓடிபியை எப்போது மறுபடி கேட்பது?

கடவுச்சொல் சரியென்றால் உள்ளே விடு, தவறென்றால் நிறுத்து. பழைய முறையில் எல்லாமே இந்த ஒரு கேள்வியில் முடிந்துவிடும். தகவமையும் அணுகல் கட்டுப்பாட்டில், யார், எந்தக் கருவியிலிருந்து, எந்த நெட்வொர்க் வழியாக, எதைத் திறக்க வருகிறார் என்று பார்த்து சிலரை நேரே விடுகிறோம், சிலரிடம் இன்னொரு சான்று கேட்கிறோம், சிலரைத் தடுக்கிறோம். நிறுவனங்களின் லாகின்களை நிர்வகிக்கும் சேவையான மைக்ரோசாஃப்ட் என்ட்ரா ஒவ்வொரு லாகினின் அபாயத்தையும் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று பிரிக்கிறது. அபாயம் அதிகம் என்று வந்தால் என்ன செய்வது என்பதில் குழப்பம் குறைவு. சிக்கல் எல்லாம் நடுத்தரத்தில்தான்.

அங்கே அதிகம் ஏமாற்றுவது இருப்பிடம். திருநெல்வேலியில் உட்கார்ந்திருப்பவர் மொபைல் டேட்டாவில் மெயிலைத் திறக்கிறார். அந்த இணைப்பு மும்பையில் உள்ள கேட்வே (இணையத்துக்குப் போகும் வாயில்) வழியாக வெளியேறினால், ஐபி முகவரி மும்பை என்றுதான் சொல்லும். ஐந்து நிமிடத்தில் அதே ஆள் அலுவலக ஃபைபரில் லாகின் செய்தால், ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து வந்ததாகக் கணக்கு வரும். போதாக்குறைக்கு, ஒரே ஐபி முகவரியை எத்தனையோ மொபைல்கள் பகிர்ந்துகொள்கின்றன. அதனால் நகர அளவில் விதி எழுதாதீர்கள்; நாடு போதும். நிறுவனத்தின் விபிஎன் (பாதுகாப்பான தனி இணைப்பு) இணையத்துக்கு வெளியேறும் முகவரிகளைத் தெரிந்த இடங்களாகப் பதிவு செய்யுங்கள். எடையை இருப்பிடத்திலிருந்து கருவிக்கு மாற்றுங்கள்: நிர்வாகத்தில் பதிவான, வட்டு குறியாக்கம் செய்த, அப்டேட் ஆன லேப்டாப் ஊர்ப்பெயரைவிட நம்பகமான சாட்சி. புதிய ஊழியரின் பழக்கத்தைக் கற்க அமைப்புக்கும் அவகாசம் வேண்டும். வழக்கமில்லாத பயணத்தைக் கண்டறியும் விதிக்கு அது 14 நாள் அல்லது 10 லாகின், எது முந்தியோ அது.

சந்தேகம் வந்தால் கேட்டுவிட்டால் போகிறது என்ற எண்ணம் ஆபத்தானது. நாளுக்குப் பத்து முறை கேட்டால் கை தானாக மொபைலில் வரும் 'அனுமதி' பொத்தானை அழுத்தப் பழகிவிடும். 2022 செப்டம்பரில் ஊபருக்குள் நுழைந்தவர், ஒப்பந்த ஊழியர் ஒருவருக்கு அனுமதிக் கோரிக்கைகளைத் திரும்பத் திரும்ப அனுப்பினார். ஒருமுறை அது ஏற்கப்பட்டது. லாகின் திரையில் தெரியும் எண்ணை மொபைலில் தட்டச்சு செய்ய வைப்பது இதைப் பெருமளவு தடுக்கும். ஆனால் போலி லாகின் பக்கம் நடுவில் நின்று செஷன் குக்கியை (லாகின் முடிந்ததற்கு உலாவியில் இருக்கும் அடையாளம்) திருடினால் எண்ணும் உதவாது. அங்கே கடவுச்சொல்லுக்குப் பதிலாக கருவியில் இருக்கும் டிஜிட்டல் சாவியான பாஸ்கீ காக்கும். அது இணைய முகவரியோடு பிணைந்தது, போலி முகவரிக்குப் பதில் சொல்லாது.

விதிகளை முதலில் யாரையும் தடுக்காமல் பதிவு மட்டும் செய்யும் 'அறிக்கை மட்டும்' நிலையில் ஓடவிடுங்கள், குறைந்தது ஒரு மாதக் கடைசியையாவது தாண்டும்வரை. சம்பளம் போடும் பிரிவு இரவு பதினொன்றுக்கு லாகின் செய்வது அப்போதுதான் கண்ணில் படும். ஐமேப், பாப், எஸ்எம்டிபி போன்ற மெயில் நெறிமுறைகளில் கடவுச்சொல் மட்டும் கேட்கும் பழைய லாகின் வழிகளை மூடாமல் விட்டால், இரண்டாம் சான்று கேட்கும் விதி அங்கே எட்டவே எட்டாது. பழைய ஸ்கேனர் ஏதாவது எஸ்எம்டிபி வழியில் மெயில் அனுப்பிக்கொண்டிருக்கும்; தடுக்கும் முன் அதைத் தேடிப் பிடியுங்கள்.

கணக்கை முடக்கியதும் எல்லாம் நின்றுவிடாது. லாகின் ஆனபோது செயலிக்குக் கிடைத்த அனுமதிச் சீட்டான அணுகல் டோக்கன் வழக்கமாக 60 முதல் 90 நிமிடம் செல்லும். அனுமதி இன்னும் செல்லுமா என்று இடையிடையே சரிபார்க்கும் தொடர் மதிப்பீட்டை ஆதரிக்கும் செயலிகளில் உடனே துண்டிக்கப்படலாம், ஆனாலும் 15 நிமிடம் வரை ஆகக்கூடும்.

விதி தவறினால் நிர்வாகியே வெளியே மாட்டிக்கொள்வார். எனவே இந்த விதிகளுக்கு உட்படாத இரண்டு அவசரக் கணக்குகள் வேண்டும். அவற்றின் பாதுகாப்புச் சாவிகளை (லாகினுக்கான சிறு கருவிகள்) தனித்தனி இடங்களில் பூட்டி வையுங்கள். யார் அதில் லாகின் செய்தாலும் உடனே எச்சரிக்கை வரவேண்டும்.

மற்ற ஊழியர்கள் மாட்டிக்கொண்டால் ஹெல்ப் டெஸ்க்கை அழைப்பார்கள். திருடனும் அதே எண்ணைத்தான் அழைப்பான், அதே அவசரக் குரலில். அழைப்பவர் தரும் எண்ணில் பேசிவிட்டு சரிபார்ப்பை மாற்றிக் கொடுக்காதீர்கள். பணியாளர் பதிவேட்டில் உள்ள எண்ணுக்கு நீங்களே திருப்பி அழையுங்கள்.