கும்பிடுபூச்சியின் பார்வை

இன்று காலை செடியில் ஒரு கும்பிடுபூச்சி. நான் நகர்ந்த பக்கமெல்லாம் அதன் முக்கோணத் தலையும் திரும்பியது. கண்ணுக்குள் ஒரு கரும்புள்ளி என்னையே தொடர்ந்தது. அது கருவிழி அல்ல. பல சிறுகண்கள் சேர்ந்த கூட்டுக்கண்ணில் நம்மை நேராக நோக்கும் சிறுகண்கள் ஒளியை உறிஞ்சிக்கொள்வதால் அந்த இடம் மட்டும் கறுப்பாகத் தெரிகிறது. நெற்றியில் இன்னும் 3 எளிய கண்கள். மொத்தம் 5!

காது பெரும்பாலான இனங்களில் ஒன்றே ஒன்றுதான், அதுவும் மார்பின் அடியில். இரவில் பறக்கும்போது நம் காதுக்கு எட்டாத வௌவாலின் மீயொலி கேட்டால் சட்டென்று கீழ்நோக்கிப் பாய்ந்துவிடும்.

கூடியதும் பெண்பூச்சி ஆண்பூச்சியைத் தின்றுவிடும் என்பதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். எப்போதும் அப்படி நடப்பதில்லை; பெண் பசியோடு இருந்தால் ஆபத்து அதிகம். இந்த ஒரு கதைக்குள் இத்தனை அழகான உயிரை அடக்கிவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நான் விலகும்போதும் அந்தத் தலை என் பக்கமே திரும்பியிருந்தது.