உடைந்த பரப்பை முதலில் பாருங்கள்

பல் மருத்துவ மேற்படிப்பான எம்.டி.எஸ்.-இல், செயற்கைப் பல் துறையில் தீசிஸ் தொடங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். லேசரால் பொடியை உருக்கி, அடுக்கடுக்காக உருவாக்கிய கோபால்ட்-குரோமியம் உலோகத்தில் பல் சிமெண்ட் எப்படி ஒட்டுகிறது என்பது என் தலைப்பு.

சுவாமிமலைப் பக்கம் வளர்ந்தவள் நான். மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டல் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு உலோகம் ஊற்றுவதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். பல் லேபில் பல்லுக்கு மேல் மாட்டும் கேப் வார்ப்பதும் அடிப்படையில் அதே முறைதான். லேசர் முறையில் மெழுகும் இல்லை, அச்சும் இல்லை. பரப்பில் பாதி உருகிய பொடி மணிகள் ஒட்டியிருக்கும். இவ்வளவு கரடாக இருந்தால் தானே ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்தேன்.

அது போதாது. அலுமினா தூளைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சி சாண்ட்பிளாஸ்ட் செய்தால்தான் அழுக்கு போய்ப் புது உலோகம் வெளியே வரும். அதன்மேல் உடனே குரோமியம் ஆக்சைடு படலம் உருவாகும். ரெசின் சிமெண்டிலும், அதற்கு முன் பூசும் பிரைமரிலும் உள்ள எம்.டி.பி. என்ற வேதிப்பொருள் பிடித்துக்கொள்வது அந்தப் படலத்தைத்தான். துத்தநாகப் பாஸ்பேட் சிமெண்டுக்கு அந்த வேதிப்பிடிப்பு கிடையாது. மேடுபள்ளத்தில் சிக்கித்தான் நிற்கும். இந்த வித்தியாசத்தை வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், கேட்பார்கள். மனப்பாடம் செய்யாமல், புரிந்துகொண்டு போங்கள்.

என் முதல் தொகுதி வீணானது ஐப்பசி அடைமழையில். சிமெண்ட் ஒட்டிய சில சோதனை வில்லைகள், எவ்வளவு விசையில் பிரிகின்றன என்று அளக்கும் மெஷினில் வைக்கும் முன்பே கையோடு வந்துவிட்டன. அழுகையே வந்தது. கைடு மேடம், "நம்பர் அப்புறம் இருக்கட்டும்மா, உடைஞ்ச இடத்தை லென்ஸ்ல பாரு" என்றார். உலோகத்தில் சிமெண்ட் துளிகூட இல்லை. அப்படியென்றால் சிமெண்ட் உடையவில்லை, ஒட்டவே இல்லை. கம்ப்ரஸர் டேங்கைத் திறந்தால் தண்ணீர் கொட்டியது. ஈரக் காற்றில்தான் சாண்ட்பிளாஸ்ட் செய்திருக்கிறேன். அப்புறம் தினமும் டேங்கை வடித்தேன். சாண்ட்பிளாஸ்ட் முடிந்ததும் எத்தனாலில் அல்ட்ராசோனிக் கழுவல், அதன்பின் இடுக்கி மட்டும். விரல் படவே கூடாது.

கணக்கையும் கையால் போட்டுப் பழகுங்கள். சிமெண்ட் ஒட்டிய, 5 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தின் பரப்பு 19.6 சதுர மி.மீ. 392 நியூட்டன் விசையில் பிரிந்தால், அதைப் பரப்பால் வகுக்க, ஒட்டு வலிமை 20 மெகாபாஸ்கல். சோதனைக்கு முன்பே கழன்றவற்றையும் தீசிஸில் எழுதிவிடுங்கள். மறைத்தால் சராசரி பொய்யாகிவிடும்.

உடைந்த வில்லைகளைத் தூக்கிப் போடாதீர்கள். வைவாவில் எக்ஸாமினர் என் கிராஃபை ஒரு நிமிடம்தான் பார்த்தார். வில்லைகள் இருந்த டப்பாவைத் திறந்து, ஒவ்வொன்றாக எடுத்து, "இது எங்கே பிரிஞ்சிருக்கு, சொல்லும்மா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.