‘விளங்கிச்சோ?’ என்று கேட்பதை விட்ட பிறகு

பட்டப்பின் கல்வி டிப்ளோமாப் பரீட்சைக்கு முதல் நாள் இரவு ‘நினைவும் மறதியும்’ அலகை நான் விழுந்து விழுந்து பாடமாக்கினேன். உளவியலாளர் எபிங்காஸ் 1885 இல் மறதியைப் பற்றி வெளியிட்டது, ஒரே நேரத்தில் மனதில் நிற்கக்கூடிய விடயங்களைப் பற்றி மில்லர் 1956 இல் சொன்ன ‘ஏழு, இரண்டு கூடலாம் குறையலாம்’, பாட்லியும் ஹிச்சும் 1974 இல் தந்த செயற்படு நினைவு (ஒரு வேலை செய்யும்போது அதற்குத் தேவையானதைக் கொஞ்ச நேரம் மனதில் பிடித்துவைக்கிற நினைவு) மாதிரி, எல்லாம் வரிக்கு வரி. பரீட்சை நன்றாகவே செய்தேன். இரண்டு கிழமை கழித்துப் பாடசாலையில் ஒருவர் அதைப்பற்றிக் கேட்டபோது ஆண்டுகள் மட்டும் வாயில் வந்தன, மிச்சம் எல்லாம் போய்விட்டது. மறதியைப் பற்றிப் படித்ததையே மறந்த ஆள் நான். ஆகவே இந்த அலகைப் படிக்கிறவர்களும் விசேட தேவையுள்ள பிள்ளைகளும் மற்றப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கிற கலப்பு வகுப்புக்குள் இப்போதுதான் போகிறவர்களும், நான் பட்ட பாட்டைக் கேட்டுவிட்டுப் போனால் கொஞ்சம் சுகம்.

என் வகுப்பு தரம் 11, விஞ்ஞானம். முப்பது சொச்சம் பிள்ளைகள். அதில் ஒரு பெடியனுக்கு வாசிப்பு இடர்ப்பாடு, ஒரு பிள்ளை காதுக்கருவி போடுகிறவள், இன்னொருவனுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் ஒரு இடத்தில் மனம் நிற்காது. மருத்துவச் சான்றிதழ் எதுவும் இல்லாமல் சும்மா மறக்கிற பிள்ளைகள் அதைவிடக் கூட. கிழமையில் இரண்டு பாடவேளைகள் விசேட கல்வி ஆசிரியை ஒருவர் என்னோடு வந்து நின்றார். என்னைவிட மூத்தவர், அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

முதல் மாதம் படுதோல்வி. நான் முன்னுக்கு நின்று படிப்பிக்க, அக்கா பின் வாங்கில் அந்தப் பெடியனுக்குப் பக்கத்தில் இருந்தார். நான் சொன்னதையே அவர் மெதுவாகத் திரும்பச் சொன்னார். அவனுக்கு இரண்டு குரல் ஒரே நேரத்தில் கேட்டது, மற்றப் பிள்ளைகளுக்கு அவனைப் பார்த்துச் சிரிக்க ஒரு காரணம் கிடைத்தது. இரண்டு ஆசிரியர்கள் ஒரு வகுப்பில் நிற்கக்கூடிய விதங்களை லின் குக்கும் மரிலின் பிரெண்டும் 1995 இல் ஐந்தாகப் பிரித்து எழுதியிருக்கிறார்கள்: ஒருவர் படிப்பிக்க மற்றவர் உதவுவது, நிலையங்களாகப் பிரிப்பது, வகுப்பை இரண்டாக்கிச் சமாந்தரமாக நடத்துவது, சிறு குழுவை வேறாக எடுப்பது, இருவரும் சேர்ந்தே நடத்துவது. பரீட்சைக்கு ஐந்தையும் எழுதுங்கள். வகுப்பில் எல்லோரும் கேட்காமலேயே போய் விழுவது முதலாவதில்தான், ஏனென்றால் அதற்குத் திட்டமே தேவையில்லை.

ஒருநாள் அக்கா பின்னுக்கு இருந்து ஒரு தாளில் கோடு கோடாகப் போட்டுக்கொண்டிருந்தார். இடைவேளையில் காட்டினார். “நீர் ஒரே மூச்சில ஆறு வேலை சொல்லுறீர்.” உண்மைதான். கொப்பியை எடுங்கோ, திகதி போடுங்கோ, தலைப்பை எழுதுங்கோ, புத்தகத்தில படத்தைப் பாருங்கோ, பெயர்களைக் கீறுங்கோ, விளங்காட்டிக் கேளுங்கோ. மில்லரின் ஏழு பிந்திய ஆய்வுகளில் இறங்கிவிட்டது, கோவன் 2001 இல் சுமார் நான்கு என்றார். செயற்படு நினைவு பலவீனமான பிள்ளைக்கு அந்த நான்கும் இல்லை. அவன் திகதி எழுதி முடிக்கும்போது தலைப்பு போய்விடும், பிறகு பக்கத்துப் பிள்ளையின் கொப்பியை எட்டிப் பார்ப்பான், நான் “என்ன பார்வை?” என்று ஏசுவேன். கவனக்குறைவு என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி, நான் கூடக் கொட்டியதுதான். அதன் பிறகு நான் ஒன்று சொல்ல, அக்கா கரும்பலகையின் ஓரத்தில் அதை இரண்டு சொல்லிலோ சின்னப் படத்திலோ போடுவார். முடிந்ததை அழிப்பார். இது அந்த மூன்று பிள்ளைகளுக்காகத் தொடங்கியது, கெட்டிக்காரப் பிள்ளைகளும் அதைப் பார்த்துத்தான் வேலை செய்தார்கள்.

சரி, குருதிச் சுற்றோட்டத்துக்கு வருகிறேன். அதில்தான் நான் கூடப் படித்தேன்.

நாடி, நாளம், இரண்டு வகைக் குருதிக்குழாய்கள். இரண்டும் ‘நா’வில் தொடங்குகின்றன, பிள்ளைகளுக்குக் கட்டாயம் மாறும். நான் வருடக்கணக்காகச் சொல்லிக்கொடுத்த சுருக்கம்: நாடி சிவப்பு (ஒட்சிசன் கூடிய குருதி), நாளம் நீலம் (ஒட்சிசன் குறைந்த குருதி). பாடமாக்க லேசு, ஆனால் நுரையீரல் நாடியில் வந்து சறுக்கிவிடும், ஏனென்றால் அதில் ஓடுவது ஒட்சிசன் குறைந்த குருதி. அக்கா கேட்டார், “வைத்தியர் கையில என்ன பிடிச்சுப் பார்க்கிறவர்?” நாடி! எல்லாப் பிள்ளைகளும் மணிக்கட்டில் விரலை வைத்தார்கள். துடிக்கிறது. ஏன் துடிக்கிறது? இதயம் தள்ளுகிற தள்ளு அங்கே வருகிறது. அப்போ நாடி இதயத்திலிருந்து வெளியே கொண்டுபோவது, நாளம் திரும்பக் கொண்டுவருவது. புதுச் சொல்லை வீட்டில் புழங்குகிற சொல்லோடும் கைக்குத் தெரிகிற ஒன்றோடும் கட்டிவிட்டால் அது எளிதில் கழராது. நினைவுக் குறிப்பு ஒன்று செய்யும்போது அது கருத்தோடு சேர்ந்து நிற்கிறதா என்று ஒருக்கால் பாருங்கள். எழுத்து விளையாட்டு மட்டும் என்றால் வானவில் நிறங்களுக்கு ‘ஊகநீபமசெசி’ போல வரிசைக்கு உதவும், அதற்கு மேல் போகாது.

அடுத்த பாடவேளை மேசைகளைத் தள்ளிவிட்டு நிலத்தில் சோக்கால் பெரிய இதயம் ஒன்று கீறினோம். வலது சோணையறை, வலது இதயவறை, நுரையீரல் நாடி, நுரையீரல், நுரையீரல் நாளம், இடது சோணையறை, இடது இதயவறை, பெருநாடி. பிள்ளைகள்தான் குருதி. உடம்பிலிருந்து வரும்போது கையில் நீல அட்டை, நுரையீரலில் அக்கா நின்று அதை வாங்கிச் சிவப்பு அட்டை கொடுப்பார். நடக்கும்போது இடத்தின் பெயரைத் தாளத்தோடு சொல்லவேண்டும். தாளம் போட்டது அந்த வாசிப்பு இடர்ப்பாட்டுப் பெடியன், அவன் பண்ணிசை வகுப்புக்குப் போகிறவன், வாசிக்கத் திணறுவானே தவிரக் கேட்டதை விடமாட்டான். காதுக்கருவி போட்ட பிள்ளைக்காக ஒவ்வொரு இடத்திலும் பெயரை எழுதி ஒட்டியிருந்தோம், சத்தத்தில் கருவி அவளுக்கு அவ்வளவு உதவாது. மனம் நிற்காத பெடியன் நுரையீரல் நாடியில் நின்றுவிட்டான். “ரீச்சர், இது நாடியெல்லோ, பிறகேன் என்ரை கையில நீலம்?” அந்த வருடம் முழுக்க அவன் கேட்ட முதல் கேள்வி அது. நான் பதில் சொல்லவில்லை, வகுப்பைச் சொல்லவிட்டேன்.

ஆனால் விளங்குவது வேறு, ஒரு மாதம் கழித்து நிற்பது வேறு. ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006 இல் செய்த ஆய்வு ஒன்று உண்டு. பாடப்பகுதியைத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடத்துக்குப் பின் நடந்த சோதனையில் முந்தினார்கள், ஆனால் ஒரு கிழமைக்குப் பின் நடந்ததில் முந்தியது, வாசிப்பதற்குப் பதிலாக நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள். நம் பிள்ளைகள் ரியூசன் கொப்பியைத் திரும்பத் திரும்ப வாசித்து “தெரியும் ரீச்சர்” என்பதும், “விளங்கிச்சோ?” என்றால் வகுப்பே “ஓம் ரீச்சர்” என்பதும் இந்த ஐந்து நிமிடத் தெளிவுதான்.

ஆகவே பாடவேளையின் முதல் மூன்று நிமிடம் வெறுந்தாள். போன பாடத்தில் ஞாபகம் உள்ளதைப் போடவேண்டும், புள்ளி கிடையாது. எழுதலாம், படம் கீறலாம், அட்டைகளை ஒழுங்கில் அடுக்கலாம், அக்காவிடம் வாயால் சொல்லலாம். யார் எந்த விதத்தைத் தெரிவுசெய்தாலும் கேள்வி ஒன்றேதான், அதை இலகுவாக்கக்கூடாது. நான் தாள்களைப் பார்த்துக்கொண்டு போக, எது எல்லோருக்கும் விழுந்துபோயிருக்கிறது என்று அக்கா குறிப்பார். இரண்டாவது ஆள் நிற்பதன் பெரிய பயனே அதுதான் என்பேன், படிப்பிக்கிற ஆளுக்கு அதைப் பார்க்க நேரம் வராது.

இடைவெளி விட்டுக் கேட்பதற்குச் சுவரில் தொங்குகிற நாள் கலண்டர் போதும். இன்று தடுமாறிய கேள்வியை நாளைய தாளின் பின்பக்கத்திலும், நாலு நாள் தள்ளியும், இரண்டு கிழமை தள்ளியும் எழுதிவிடுவோம். தாளைக் கிழிக்கும்போது கேள்வி தானாக வரும். கிழிப்பதற்குப் பிள்ளைகளுக்குள் அடிபாடு வேறு. சனி ஞாயிறு, போயா பார்த்து எழுதுங்கள், நாங்கள் முதலில் பார்க்கவில்லை.

ஒரு பிழையையும் சொல்லவேண்டும். பிறிஸ்ரல் போட்டில் வடிவாகச் செய்த சுற்றோட்டப் படத்தைத் தவணை முழுக்கச் சுவரில் விட்டிருந்தோம். தவணைப் பரீட்சையன்று கழற்றிவிட்டார்கள். பிள்ளைகள் வெறுஞ்சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். சிலருக்குச் சுவரைப் பார்க்கவே படம் வந்தது, சிலருக்கு ஆணி மட்டும்தான் தெரிந்தது. இப்போது கிழமைக்கு இரண்டு பெயரைக் காகிதம் ஒட்டி மறைக்கிறோம், கடைசிக் கிழமையில் படமே இல்லை.

திட்டமிட நேரம் எங்கே என்று கேட்பீர்கள். எங்களுக்கு இடைவேளையில் பதினைந்து நிமிடம், வேப்பமரத்தடியில், தேத்தண்ணியோடு. மூன்றே கேள்வி: இன்று எந்த மூன்று விடயம் நிற்கவேண்டும், அதை யார் சொல்வது யார் கீறுவது, போன தடவை யார் எதில் விழுந்தது. அதுவும் நடக்காத நாட்கள் உண்டு, அந்த நாட்களில் அக்கா மறுபடி பின் வாங்கில்தான்.

தாளம் போட்ட பெடியனுக்கு நாடியும் நாளமும் இனி மாறாது. இதயத்தின் முக்கூர் வால்வு வலதா இடதா என்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லை, வருகிற வியாழக்கிழமைத் தாளின் பின்பக்கத்தில் அது எழுதிக் கிடக்கிறது.