நார்மல் என்று அடித்துக் கொடுத்த ரிப்போர்ட்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு சின்ன லேபில் பதினோரு வருஷமாக ரத்தம் எடுக்கிறேன். டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்கு நரம்பு கிடைப்பது கொஞ்சம் கஷ்டம், அதனால் அவர்கள் வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அப்படிப் பழக்கமானவள்தான் அந்தப் பெண், அப்போது வயது 17. ஊசிக்கு அழமாட்டாள், என் சட்டைப் பையிலிருக்கும் பேனாவை எடுத்துக்கொள்வாள், திருப்பித் தரமாட்டாள்.

ஹீமோகுளோபின் 8.4, ரொம்பக் குறைவு. மூன்று மாதம் இரும்புச்சத்து மாத்திரை போட்டுவிட்டு வந்தால் 8.6. "மாத்திரை ஒழுங்கா குடுக்குறீங்களாக்கா?" என்று கேட்டுவிட்டேன். அந்த அம்மா ஒன்றும் பேசாமல் பையிலிருந்து காலி மாத்திரை அட்டைகளை எடுத்து மேஜையில் அடுக்கினார். அதற்கப்புறம் யாரிடமும் அந்தக் கேள்வியை அந்தக் குரலில் கேட்டதில்லை.

பிள்ளை எந்நேரமும் படுத்தே கிடக்கிறாள் என்றால், "இந்தப் பிள்ளைங்க அப்படித்தான்" என்பார்கள். தைராய்டு பார்த்தார்கள், சரியாக இருந்தது. எங்கள் மெஷினும் அதே பாட்டைத்தான் பாடியது. இரும்புச்சத்து குறைந்தால் சிவப்பணு சிறுத்துப்போகும், அதன் சராசரி அளவான எம்சிவி 80க்குக் கீழே இறங்கும், மெஷின் குறி போடும். அவளுக்கு 86, குறி எதுவும் இல்லை. டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களுக்குச் சிவப்பணு இயல்பிலேயே கொஞ்சம் பெரிதாக இருக்கும், சிறுத்தாலும் மற்றவர்களின் நார்மலில்தான் வந்து நிற்கும் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. அந்த 86ஐ நான்தான் நான்கு தடவை அடித்துக் கொடுத்தேன்.

புதிதாக வந்த ஒரு டாக்டரம்மா, உடம்பில் இரும்பு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின் கேட்டார்: 6, இருப்பே இல்லை என்கிற அளவு. உடனே போன் போட்டு, "கோதுமை சாப்பிடுறாளான்னு அவங்கம்மாவைக் கேளுங்க" என்றார். நம் ஊரில் இட்லி தோசைதானே என்று நினைத்தேன். ஆனால் பிள்ளை குண்டாகிறாள், ராத்திரி சோறு வேண்டாம் என்று யாரோ சொல்லி, ஆறு வருஷமாகத் தினமும் சப்பாத்தி. காலையில் பிஸ்கட், சாயங்காலம் தெம்புக்குப் பார்லி மால்ட் கலந்த பானம்.

சீலியாக் நோய். கோதுமை, பார்லியில் உள்ள குளூட்டனைக் கண்டால் உடம்பு தன் சிறுகுடலையே தாக்கும். இரும்பு உறிஞ்சப்படுவது சிறுகுடலின் முதல் பகுதியில், அதிகம் தேய்வதும் அங்கேதான். மாத்திரையைக் கொட்டினாலும் உள்ளே ஏறாது. பொதுவில் நூற்றுக்கு ஒருவர் என்றால், டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களில் 5 முதல் 10 பேர் வரை என்று ஆய்வுகள் சொல்கின்றன.

சந்தேகம் வந்ததும் அம்மா சப்பாத்தியை நிறுத்தப் பார்த்தார். பரிசோதனை முடியும்வரை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் ரத்தத்தில் இந்த நோயைக் காட்டும் எதிர்ப்புரதம் குறைந்து முடிவே மாறிவிடும் என்று டாக்டரம்மா தடுத்தார். அந்த எதிர்ப்புரதத்தை அளக்கும் டிடிஜி டெஸ்டுக்குச் சாம்பிள் சென்னைக்குப் போனது, கூடவே ஐஜிஏ என்ற எதிர்ப்புரத வகையின் மொத்த அளவுக்கும், அது குறைவாக இருந்தால் டிடிஜியை நம்ப முடியாது. அப்புறம் பஸ் ஏறி புதுச்சேரி கோரிமேடு ஜிப்மர் ஆஸ்பத்திரி, எண்டோஸ்கோப்பி, உறுதியானது.

சப்பாத்தியை விடுவது சுலபமாக இருந்தது, பெருங்காயம்தான் படுத்தியது. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் மைதா கலந்திருக்கும் என்பதைக் கண்டுபிடித்ததே அந்த அம்மாதான், டப்பாவை வெயிலில் பிடித்துப் படித்து. எட்டு மாதத்தில் ஹீமோகுளோபின் 11.3.

இப்போதெல்லாம் அப்படி ஒரு பிள்ளை வந்தால், எம்சிவி நார்மலாக இருந்தாலும் டாக்டருக்குப் போன் போட்டுவிடுகிறேன். போன வாரம் ஒருவர், "நீங்க டெக்னீஷியன்தானே?" என்றார். "ஆமா சார்" என்று சொல்லிவிட்டு எண்ணைப் படித்தேன்.